படையலில் ஓர் இசைத்தட்டு

1

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு வருஷத் திதி கொடுத்தோம். கொடுத்தோம் என்று பன்மையில் எழுதினாலும் இருந்தது இரண்டே பேர், நானும் என் மகன் கார்த்தியும். ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் ஓரத்தில், மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. சொந்தக்காரர்கள் எல்லாம் திருத்தணியில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தார்கள். இலை போட்டு, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, எல்லாம் முறைப்படிதான் தொடங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் இல்லை.

அவர் பெயர் முனிரத்தினம். எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அவர் பாவாதான். போன வருஷம் குளிர்காலத்தில் வேலைக்குப் போகிற வழியில், டிராம் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. பக்கத்தில் நின்றவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். இந்த ஊரில் தூங்குகிறவரைத் தொட்டு எழுப்புவது மரியாதை இல்லை. நம் பக்கமாக இருந்தால் அரை நிமிஷத்தில் நாலு பேர் தோளை உலுக்கியிருப்பார்கள், ஒருவர் சோடா வாங்க ஓடியிருப்பார்.

அதற்குப் பிறகு காகிதங்கள். முதல் நாள் விமான நிலையத்தில் எந்தக் குழப்பம் தொடங்கியதோ அது அவர் சாவிலும் விடவில்லை. நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் பதினோரு வருஷமாக இந்த நாட்டு அலுவலகங்களுக்கு இவர் ‘ஹெர் குப்புசாமி’, அதாவது திருவாளர் குப்புசாமி. இறப்புச் சான்றிதழிலும் அதே. குப்புசாமி என் மாமனார், அவர் இருபது வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தவர். ஒரே ஆள் இரண்டு தடவை செத்த மாதிரி ஆகிவிட்டது. சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார்கள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அதற்குத் தனிப் படிவம், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. நாலு மாதம் கழித்துத்தான் பாவா ஊர் போனார். கஸ்டம்ஸில் ஒரு பெண் பெட்டியைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்டாள். என் ஜெர்மன் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. “என் வீட்டுக்காரர்” என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு எப்படியோ புரிந்தது, போகச் சொல்லிவிட்டாள்.

2

இப்போது பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். திதி கெட்டது அதனால்தான்.

இந்த ஊரில் வருஷத்தில் சில நாட்கள், வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவோரம் வைத்துவிடலாம். நகராட்சி வண்டி வந்து அள்ளிப் போகும். வண்டி வருவதற்குள் யாருக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வந்த புதிதில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தீபாவளி. எங்கள் சாப்பாட்டு மேஜை, கார்த்தியின் படிப்பு நாற்காலி, ஒரு புத்தக அலமாரி எல்லாம் அப்படி வந்தவைதான். முதல் வருஷம் அப்படி ஒரு நாள் பாவா ஒரு இசைத்தட்டுப் பெட்டியையும், அதன் கூடவே இருந்த ஓர் அட்டைப்பெட்டி நிறைய தட்டுகளையும் மூன்று மாடி சுமந்துகொண்டு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“செத்தவங்க சாமான வூட்டுக்குள்ள தூக்கிக்கினு வரியே பாவா, சகுனம் ஒண்ணும் பாக்க வேணாமா?”

“செத்துட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?”

“உசிரோட இருக்கறவங்க இவ்ளோ சுத்தமா தொடச்சி வெச்சத தெருவுல போடுவாங்களா?”

அவர் ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “அப்போ இத யாராவது கேக்கணும் இல்ல?” என்றார்.

திருத்தணியில் இருந்தவரை இவர் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே பாட்டை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. மலைமேல் ஓர் ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்தில் ஒன்று, கட்சிக்காரர்கள் வண்டியில் ஒன்று என்று அது நம்மைத் தேடி வரும். சினிமாப் பாட்டுகூட ஒன்று முழுசாக இவர் முணுமுணுத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் நாற்பத்திரண்டு வயதில் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாக அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அவர். பெல்ட் மாற்றி, புது ஊசி போட்டு, இரண்டு வாரத்தில் ஓட வைத்துவிட்டார்.

முதல் தட்டின் உறையில் ஆள் படம் கிடையாது, எழுத்தும் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு கடல். ஊசியை வைத்ததும் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, யாரோ ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுக்க மறந்துபோன மாதிரி ஒரு சத்தம். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் ரிப்பேர் என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஐந்தாவது நிமிஷத்தில் அடியிலிருந்து இன்னொரு சத்தம் மெதுவாக வந்து சேர்ந்தது. “ரிப்பேர் இல்ல ரேவதி. அதுவே அப்டித்தான்” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அடுப்பில் குழம்பு இருந்தது, போய்விட்டேன்.

அந்த அட்டைப்பெட்டியில் இருந்தது எல்லாம் அந்த ரகம்தான். ஆம்பியன்ட், எலக்ட்ரானிக், ப்ராகிரசிவ் ராக் என்று அவர் பிரித்துப் பிரித்துச் சொல்வார். நான் எனக்குத் தெரிந்த மாதிரி பெயர் வைத்திருந்தேன். முதலாவது தேங்கிக் கிடக்கிற பாட்டு. இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கிற பாட்டு, தையல் மிஷின் மாதிரி டகடகவென்று. மூன்றாவது மலை ஏறி இறங்குகிற பாட்டு, ஒரே பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்க வரும், திடீரென்று டிரம்ஸ் இடிக்கும், திடீரென்று புல்லாங்குழல் வரும், எங்கே போகிறது என்று வாசித்தவனுக்கே தெரியாது. இப்படி நான் சொன்னால் பாவா விழுந்து விழுந்து சிரிப்பார். என் பெயர்களையே அவர் அலமாரியில் ஒட்டியும் வைத்தார்: தேங்குவது, ஓடுவது, ஏறுவது.

ஒரு தட்டின் பின்பக்கத்தில் வாசித்தவர்கள் பெயரைப் பார்ப்பார். அதில் ஒருவன் வேறு எந்தத் தட்டில் வாசித்திருக்கிறான் என்று நகர நூலகத்தில் தேடுவார். அங்கிருந்து இன்னொருவன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய்ச் சட்டை எல்லாம் தூசியாகத் திரும்பி வருவார். “இந்த ஊரு ஆளுங்கதான் ரேவதி, அம்பது வருசம் முன்னால அவங்களே மிஷின் பண்ணி, ஒயர் மாட்டி, பாட்டு பண்ணிக்கீறாங்க. நம்ம ஃபாக்டரி ஆளுங்க மாதிரியே இருக்கறாங்க, பாரு” என்று உறையைக் காட்டுவார். தாடிக்காரர்கள் நாலு பேர் ஒரு சுவர் நிறைய பொத்தான்களுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் துணை மின் நிலையம் ஞாபகம்தான் வரும்.

ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். “இங்க வந்து பக்கத்துல உக்காரு. ஒரு பக்கம் மட்டும் கேளு. இருவத்திரண்டு நிமிசம்தான்.” உட்கார்ந்தேன். நாலு நிமிஷம் இருந்திருப்பேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குத் தலைக்குள் வேலைகள் வரிசையாக வரும். “பாவா, உங்க அக்கா பையன் காலேஜ் விசயம் என்ன ஆச்சின்னு போன் பண்ணியா?” என்று கேட்டேன்.  ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு போனை எடுத்தார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நானும் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் கை நிற்கிறது.

3

திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு இருந்தால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அது வீடு இல்லை, சத்திரம். ஆடிக் கிருத்திகை என்றால் பள்ளிப்பட்டிலிருந்து, சோளிங்கரிலிருந்து, நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்குச் சொந்தம் வரை எல்லாரும் காவடியோடு எங்கள் மாமனார் வீட்டில்தான் இறங்குவார்கள். முப்பது பேருக்குக் குறையாது. மாமனார் போன பிறகு வீட்டுக்கு மூத்த ஆண் பிள்ளை பாவா. குளிக்கத் தண்ணீர் தூக்குவது, மொட்டையடிக்க வரிசையில் நின்று இடம் பிடிப்பது, நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் மேலே அனுப்புவது, தொலைந்த குழந்தையைப் பேருந்து நிலையத்தில் தேடுவது எல்லாம் அவர்தான். அந்த நாட்களில் “முனிரத்தினம்” என்கிற பெயர் வீட்டுக்குள் நிற்கவே நிற்காது. “முனிரத்தினம், சோப்பு எங்க?” “ஏம்பா முனிரத்தினம், பஸ் எத்தினி மணிக்கு?” “நைனா முனிரத்தினம், இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கோ.” அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் மூக்கின்மேல் கோபம் வரும், பாத்திரத்தை டமார் என்று வைப்பேன்.

ஜெர்மனி வந்ததும் சத்திரம் போனுக்குள் வந்தது. தம்பி, தங்கை, சித்தப்பா பிள்ளைகள், எல்லாருக்கும் சனி ஞாயிறில்தான் அவர் ஞாபகம் வரும். அவருக்குப் போன் செய்து எடுக்காவிட்டால் எனக்குச் செய்வார்கள். நான் அவர் தோளைத் தட்டிப் போனை நீட்டுவேன். காதுக்கு ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டார். அதையும் நான் ஒரு காதிலிருந்து இழுத்துவிட்டு “பாவா, ஒரு நிமிசம்” என்பேன்.

அப்புறம் ஒரு நல்ல பழக்கம் ஆரம்பித்தார் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள், எங்களுக்குச் சனிக்கிழமை மதியம். “நீ வாரம் முழுக்க முதியோர் இல்லத்து கிச்சன்ல நிக்கறே. துணி இனிமே என் வேலை” என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவார். ஆறு வருஷம் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. ஊரில் யார் போன் செய்தாலும் நான் பீற்றிக்கொள்வேன். “எங்க பாவா துணி தொவைக்கறாரு தெரிமா?” என்று. அண்ணி நம்பவே மாட்டார். அண்ணி என்றால் பாவாவின் அக்கா, இப்போது திருத்தணி வீட்டில் இருப்பவர்.

4

திதி நாளை அண்ணிதான் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். கார்த்தி ஆகன் நகரத்தில் கல்லூரியில் படிக்கிறான், பத்தொன்பது வயது. போன் செய்தேன். “அன்னிக்கு எனக்கு ப்ராஜெக்ட் இருக்கும்மா. நைனா போட்டோ முன்னாடி இங்கயே ஒரு கேண்டில் வெச்சா போதாதா?” என்றான். எனக்கு ஏறியது பாருங்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வந்தான். வந்து வேட்டி கட்டத் தெரியாமல், ஜீன்ஸ்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். அவன் தமிழ் இப்போது வாடகை வீட்டு நாற்காலி மாதிரி ஆகிவிட்டது, இருக்கிறது, ஆனால் அவனுடையது இல்லை. அப்பா இருந்தவரை இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அவனுக்கும் நடுவே இருந்த ஒரே ஆள் போனபின், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு நிற்கிறது.

வடை, பாயசம், அவரைக்காய்ப் பொரியல், கேழ்வரகுக் களி, கீரை, எல்லாம் செய்தேன். கைப்பேசியைப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். அதில் அண்ணி.

“அவனுக்குப் புடிச்சத எல்லாம் வெச்சியா?”

“வெச்சிக்கீறேன் அண்ணி.”

“நைனாவுக்கு நாம சீட்டுக்கட்டு வெச்சோமே, ஞாபகம் இருக்குதா? அந்த மாதிரி ஏதாவது?”

மாமனாருக்குச் சீட்டாட்டம் என்றால் உயிர். அவர் படையலில் இலைக்குப் பக்கத்தில் புதுச் சீட்டுக்கட்டு ஒன்றைப் பிரித்து வைத்தோம். நம் பக்கம் வழக்கமே அது, பீடி பிடித்தவருக்குப் பீடி, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. பாவாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எதைப் போட்டாலும் சாப்பிடுவார், உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தால் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அந்தத் தட்டுகள் மட்டும்தான். அவர் போனதிலிருந்து நான் அந்த அலமாரியைத் தொட்டதில்லை, தூசிகூடத் தட்டவில்லை.

போய் அந்தச் சாம்பல் நிறக் கடலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கார்த்தி பார்த்தான். “அம்மா, கவர் மட்டும் வெச்சா அவருக்கு எப்படிக் கேக்கும்?” என்றான். நியாயம்தான். வடையைப் பொட்டலத்தோடு யாராவது படைப்பார்களா? அவனே தட்டை எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்தான். அவன் கை அப்படியே அவர் கை. ஊசி இறங்கியது. அந்த ஆர்மோனியக் கட்டை மெதுவாகத் தொடங்கியது.

கற்பூரம் காட்டினேன். “இப்போ கதவ சாத்திட்டு வெளிய வந்து நில்லுங்க. நாம பாத்துகினு இருந்தா அவன் சாப்பிட மாட்டான்” என்றார் அண்ணி. அதுதான் முறை. படைத்ததும் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் கூடத்துக்குத் தனிக் கதவு இல்லை, இருப்பது வாசல் கதவு ஒன்றுதான். இரண்டு பேரும் வெளியே மாடிப்படிக்கு வந்தோம். பாவா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நானே கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன்.

‘க்ளிக்’ என்றது.

ஜெர்மனியில் வாசல் கதவுகளுக்கு வெளியே திருகும் கைப்பிடி கிடையாது. சாத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திறக்காது. வந்த முதல் நாள் தெரிந்துகொண்ட விஷயம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாவி இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. அன்றைக்குச் சாவி உள்ளே, என் கைப்பேசி உள்ளே, கார்த்தியின் கைப்பேசி சார்ஜில், எரிகிற விளக்கு உள்ளே, அண்ணி உள்ளே. நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு படிக்கட்டில்.

“அம்மா, சீரியஸா?” என்றான் கார்த்தி. பிறகு சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான். கதவுக்குப் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அண்ணியின் குரல், “ரேவதி, கதவ சாத்திட்டியா? லைன்ல இருக்கறியா?” என்று. சிரிப்பு அடங்கியதும் விளக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஜன்னல் திரை. 

5

கீழ் வீட்டுக்கு ஓடினோம். அங்கே ஹெர் வெபர் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், எண்பதை நெருங்குகிறவர். படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். பாவாவின் இறுதிச் சடங்குக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தார். பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் தாறுமாறாக வந்தது. “கதவு மூடிவிட்டது. விளக்கு எரிகிறது. என் கணவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்” என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பூட்டுக்காரரைக் கூப்பிடப் போன் வேண்டும் என்றான் கார்த்தி. “எதற்கு? முனி கொடுத்த சாவி என்னிடம் இருக்கிறதே” என்றபடி உள்ளே போனார்.

முனியாம். நான் வாசலில் நின்றபடி குனிந்தேன். காலணிகள் வைக்கும் இடத்தில் அவருடைய கம்பளிச் செருப்புக்குப் பக்கத்தில் நீல நிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இடது வாரில் வெள்ளை நூலால் தையல். நான் போட்ட தையல். திருத்தணி பஜாரில் வாங்கி வந்த செருப்பு. அதைத் தொலைத்துவிட்டார் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்? “எங்கேயாவது விட்டிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார்த்தி சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். விளக்கு ஒழுங்காக எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று படியிலிருந்தே கத்திச் சொல்லிவிட்டு இறங்கி வந்தான். நான் அதற்குள் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், அவற்றுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றின் கைப்பிடியில் துணி தேய்ந்திருந்தது. இன்னொன்றிலும் அதே அளவு தேய்ந்திருந்தது.

“உனக்குத் தெரியுமாடா?” என்று மகனிடம் கேட்டேன்.

“தெரியும்மா.”

“எத்தினி நாளா?”

“ரொம்ப நாளா. சாட்டர்டே மெஷின்ல துணியைப் போட்டுட்டு இங்க வந்துருவாரு. நானும் சில தடவ வந்தேன். உன்கிட்ட சொல்ல வேணாம், அம்மா ஃபீல் பண்ணுவான்னு சொன்னாரு.”

ஆறு வருஷம். சலவை இயந்திரம் ஒரு பக்கம் ஓட, தட்டு ஒரு பக்கம் ஓட, இரண்டு மணி நேரம் இந்த வீட்டில். நான் மேலே உட்கார்ந்து ஊர் முழுக்க பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வேறு பெண் என்றால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது தெரியும். இது ஒரு கிழவரும் இரண்டு நாற்காலியும். இதற்கு என்ன சண்டை போடுவது? ஆனால் பொறாமை வந்தது, மறைக்க மாட்டேன். 

“அந்தப் பாட்டுல அப்டி இன்னாதான் இருந்ததுன்னு இவரக் கேளு” என்றேன் கார்த்தியிடம். “எனக்கு ஒண்ணும் புரியல. உன் நைனா எனக்குச் சொன்னதில்ல. இவர்கிட்ட சொல்லியிருப்பாரு இல்ல?”

அவன் கேட்டான்.  ஹெர் வெபர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, நானும் ஒரு தடவை இதையே கேட்டேன் என்று ஆரம்பித்து இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். எனக்குச் சொற்கள் புரிந்தன, சேர்த்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. கார்த்தி பக்கம் திரும்பினேன்.

“சொல்லுடா.”

“விடும்மா.”

“சொல்லு.”

அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். “அதுல பாடறவங்க யாரும் இல்ல. வார்த்தை இல்ல. அதனால அது ஓடற வரைக்கும் யாரும் அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்களாம். வேற எங்க இருந்தாலும் கேப்பாங்களாம். அவ்ளோதான்னு நைனா சொன்னாராம்.”

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எது அவர் உட்கார்ந்தது என்றுகூடக் கேட்கவில்லை. ஊரில் முப்பது பேர் கூப்பிட்டபோது பாத்திரத்தை டமார் என்று வைத்தவள் நான். அவர்களை எல்லாம் இவ்வளவு தூரம் தாண்டி வந்தபிறகு, அந்த முப்பது பேர் வேலையையும் ஒருத்தியாக நான் செய்திருக்கிறேன். ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை இழுத்தது என் கைதான். அவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், “இப்போ வேணாம் ரேவதி” என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அழுது, கத்தி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, அப்புறம் விட்டிருப்பேன். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போயிருக்கிறார். என் மனசு நோகக் கூடாது என்று என்னிடமிருந்தே ஒளிந்து வாழ்ந்த மனுஷனை நினைத்து நான் எப்படி அழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஹெர் வெபர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்ன வேண்டும் என்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான் போலிருக்கிறது.

6

மேலே வந்தோம். கார்த்தி திறந்த கதவைப் பூட்டிக்கொள்ளாதபடி ஒருக்களித்துத்தான் வைத்திருந்தான், ஆனாலும் முறைக்கு மூன்று தடவை தட்டிவிட்டு உள்ளே போனேன். ஒரு பக்கம் முடிந்து ஊசி தானாக ஓரத்துக்குப் போயிருந்தது. பாயசத்தின்மேல் ஆடை படிந்திருந்தது. கைப்பேசியில் இருட்டாக இருந்தது.

“அண்ணி?”

“ஆங், இருக்கறேம்மா” என்று குரல் வந்தது. “நாம பாக்கக் கூடாது இல்ல? அதான் போன கவுத்து வெச்சிட்டேன். சத்தம் மட்டும் கேட்டுகினு இருந்தேன். இன்னா பாட்டுமா அது, முழுக்க ஒரே ஊமப் பாட்டா இருக்குது. ஆனா நல்லா தூக்கம் வருது.”

போனை நிமிர்த்தினார். திருத்தணி வீட்டுக் கூடம் தெரிந்தது, அங்கேயும் ஒரு இலை, ஒரு விளக்கு. பின்னால் அண்ணியின் பையன் பாபு, சின்ன மாமனார், மற்றவர்கள் எல்லாரும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

“சரி, உழுந்து கும்புடு. நல்லா வேண்டிக்கோ. வருசத் திதியில கேட்டா அவன் இல்லன்னு சொல்ல மாட்டான். கார்த்தி படிப்பு, உன் வேலை, அந்த விசா பேப்பரு, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சொல்லு. நம்ம பாபுவுக்குப் பொண்ணு அமையணும்னு அதையும் ஒரு வார்த்த போட்டு வை.”

கார்த்தி முதலில் விழுந்து கும்பிட்டு எழுந்து, எனக்கு இடம் விட்டு நகர்ந்தான். நான் முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்தேன். வேண்டுதல்கள் வரிசையாக வந்து வாய்க்குள் நின்றன. விசாவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. மகன் என்னோடு பேச வேண்டும். என் முட்டி வலி. அண்ணியின் பையன். என்னை மன்னித்துவிடு என்பதும் வந்தது, அது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. அதுவும் ஒரு கேட்பதுதானே என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையிலேயே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்றும் கேட்காமல் எழுந்தேன்.

“எல்லாத்தையும் வேண்டிக்கினியா?” என்றார் அண்ணி.

“ஆங், அண்ணி” என்றேன்.